மூன்று மணி விழிப்பு: மாத்திரையை மாற்றுவதா, வேண்டாமா?

பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடும் எனக்கு ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, மாத்திரையை மாற்றலாமா என்று கேட்டேன். டாக்டர் உடனே சீட்டு எழுதவில்லை. "இதே மாத்திரையைத் தொடரலாம், வேறொன்றுக்கு மாறலாம், இதோடு இன்னொன்று சேர்க்கலாம், மாத்திரையைத் தொடாமல் தூக்கத்துக்கு மட்டும் பயிற்சி எடுக்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை. வீட்டில் பேசிட்டுப் பத்து நாள் கழிச்சு வாங்கம்மா" என்றார். அந்தப் பத்து நாளில் நான் கேட்டு, படித்து, நோட்டில் எழுதிப் பார்த்ததை இங்கே வைக்கிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் யாருக்காவது டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

எனக்கு 46 வயது. வீடு சத்துவாச்சாரி. வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில், ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில். பதற்றம் எனக்கு பஸ்ஸில்தான் முதலில் வந்தது. ஆற்காடு தாண்டி பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏறியதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், கை ஜில்லிட்டுப் போகும், ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கிவிடலாமா என்று தோன்றும். இதயத்துக்கு ஈ.சி.ஜி., தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மனநல டாக்டரிடம் போனேன். அதற்கே நாலு மாதம் ஆனது. எங்கள் பக்கம் 'பாகாயம்' என்ற பெயரையே மக்கள் கூச்சத்தோடு சொல்வார்கள். சி.எம்.சி.யின் மனநல மையம் அங்கே 1957இல் தொடங்கியது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறையை நம் நாட்டில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த இடங்களில் அதுவும் ஒன்று. அவ்வளவு பெருமை உள்ள ஊர்ப் பெயரைக் கேலிப் பேச்சுக்கு வைத்திருக்கிறோமே என்று எனக்கு இப்போதும் வருத்தம் உண்டு.

எனக்குக் கொடுத்தது எஸ்சிட்டலோபிராம். முதல் எட்டு மாதம் 10 மி.கி., அப்புறம் 20. படபடப்பு முக்கால்வாசி போய்விட்டது. இன்று அதே பாலத்தின் மேல் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறேன். ஆனால் இரண்டு தொல்லை தங்கிவிட்டது. ஒன்று, ராத்திரி மூன்று மணிக்கு டக்கென்று விழிப்பு. இன்னொன்றைச் சொல்லத்தான் சங்கடம். மகள் பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை, நினைத்ததைவிட நல்ல மார்க். அவள் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். இது சந்தோஷம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை. டாக்டரிடம் சொன்னபோது, இந்த வகை மாத்திரையில் சிலருக்கு மனசு இப்படி மரத்துப்போகும், டோஸ் கூடினால் அதுவும் கூடலாம் என்றார்.

ஆக, மாத்திரை வேலை செய்யவில்லை என்பதல்ல என் பிரச்சினை. பாதி வேலை நன்றாகச் செய்தது, மீதியில் இடிக்கிறது. மாற்ற நினைப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எந்த மாத்திரை நல்லது என்று தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டாக்டர் சொல்லித்தான் செய்தேன், ஆனால் இந்த முடிவில் எனக்கு அதைவிட உதவியது வேறு எதுவும் இல்லை. தூக்கம் யாரால் போகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அது. நோயாலா, மாத்திரையாலா, பழக்கத்தாலா, உடம்பில் வேறு ஏதாவதாலா? நான்குக்கும் மருந்து வேறு வேறு. பிரிக்காமல் மாத்திரையை மாற்றினால், பழக்கத்தால் போன தூக்கத்துக்குப் பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டு, அடுத்த மாத்திரையிலும் அதே மூன்று மணிக்கு உட்கார்ந்திருப்போம்.

மகளின் பழைய ரஃப் நோட்டில் அந்தப் பத்து நாளும் எழுதினேன். படுத்த நேரம், தூங்கியிருப்பேன் என்று தோன்றும் நேரம், விழித்த நேரம், பகலில் கண்ணயர்ந்தேனா, கடைசி காபி எப்போது. மாத்திரை தொடங்கியதிலிருந்து நடந்த கதையையும் நினைவிலிருந்து ஒரு பக்கத்தில் எழுதினேன். எழுதியதும் கண்ணுக்குத் தெரிந்தது. மாதத்தின் 18, 19, 20 தேதிகளில் படுத்தால் தூக்கமே பிடிப்பதில்லை. 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். அது பதற்றத்தின் கணக்கு. டோஸ் 20 ஆன மூன்றாவது வாரத்திலிருந்துதான் நைட்டி நனைகிற மாதிரி வியர்வையும், சினிமா மாதிரி கனவும், இரண்டு தடவை விழிப்பும். 10இல் இருந்தபோது மூன்று மணிக்கு விழித்தாலும் அரை மணியில் திரும்பத் தூங்கிவிடுவேன். அது மாத்திரையின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் படுத்தால் அன்றிரவு ஒரு மணி வரை கொட்டக் கொட்ட விழிப்பு. களைப்பாக இருக்கிறதே என்று ஒன்பதரைக்கே படுக்கையில் விழுந்து பதினொன்றரை வரை புரண்டுகொண்டிருப்பதும் வழக்கமாகியிருந்தது. இதெல்லாம் பழக்கத்தின் கணக்கு. அப்புறம், ஒரு வருடமாக மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை, திடீரென்று முகமும் கழுத்தும் தகிக்கும். அது வயதின் கணக்கு.

நோட்டைப் பார்த்த டாக்டர் இரண்டு கேள்வி கூடக் கேட்டார். மாத்திரை மாற்றும் யோசனையில் இருக்கும் எல்லோரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. முதலாவது, எப்போதாவது இரண்டு மூன்று மணி நேரமே தூங்கி, களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் தாறுமாறாகக் கூடி நாலைந்து நாள் இருந்ததுண்டா? அப்படி இருந்திருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பது ஆபத்து. இரண்டாவது, குறட்டை பலமா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாம் இல்லை, பக்கத்தில் படுப்பவர். என் கணவர் இல்லை என்றார்.

சரி, இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

எஸ்சிட்டலோபிராமை விட்டு செர்ட்ரலைனுக்குப் போவதுதான் எளிதான மாற்றம். இரண்டும் ஒரே குடும்பம், மூளையில் செரோட்டோனினைக் கூட்டும் வகை. அதனால் பெரும்பாலும் இதை நிறுத்திய மறுநாளே அதைத் தொடங்கிவிடலாம், நடுவில் இடைவெளி தேவைப்படாது. பதற்றத்துக்கும் திடீர்ப் பீதிக்கும் நன்றாகக் கேட்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் டாக்டர்கள் அடிக்கடி தேர்ந்தெடுப்பது இதைத்தான். தொடக்கத்தில் வயிறு கலக்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கே ஆகும். காலை ஏழேகாலுக்கு பஸ் ஏறுகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நான் இதை விலக்கிய காரணம் வேறு. என் இரண்டு தொல்லையும், மரத்துப்போவதும் தூக்கம் கலைவதும், இந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம். தெருவில் அடுத்த வீட்டுக்குக் குடிபோனால் தண்ணீர்ப் பிரச்சினை தீராது. எஸ்சிட்டலோபிராம் பதற்றத்தையே தொடவில்லை என்று சொல்பவர்களுக்கு இது நல்ல அடுத்த படி. என் நிலை அதுவல்ல. ஃபுளுவாக்ஸெட்டினும் இதே குடும்பம்தான். தொடக்கத்தில் படபடப்பையும் தூக்கமின்மையையும் கொஞ்சம் தூண்டிவிடும் என்பதால் அதைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்கவில்லை.

வென்லாஃபாக்ஸின் எனக்கு உண்மையில் ஆசை காட்டியது. செரோட்டோனினோடு நார்அட்ரினலினையும் கூட்டும் வகை அது. பதற்றத்துக்கும் நல்லது, மாதவிலக்கு நிற்கும் வயதில் வரும் அந்தத் தகிப்பையும் குறைக்கும். ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. ரத்த அழுத்தம் ஏறலாம் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், அதைக்கூடச் செய்துவிடலாம். என்னைத் தடுத்தது குடியாத்தத்தில் நடந்த ஒன்று.

வைகாசி முதல் தேதி அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மா வீட்டுக்கு முந்தின நாளே போய்விட்டேன். மாத்திரை அட்டை சத்துவாச்சாரி வீட்டு ஃபிரிட்ஜ் மேல். சீட்டும் கையில் இல்லை, மூன்று நாள்தானே என்று விட்டுவிட்டேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் சிடுசிடுப்பு. மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் யாரோ கூப்பிட்டதும் கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் சுரீர் என்று கரண்ட் அடித்தது. மறுபடி திருப்பினால் மறுபடி. தரை சாய்கிற மாதிரி தலைச்சுற்றல். "இன்னாடி, முகம் வெளுத்துக் கெடக்குது, கண்ணு பட்டுதா?" என்று அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். பழைய நோய் திரும்பிவிட்டது என்றே பயந்து ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். வீட்டுக்கு வந்து மாத்திரை போட்ட மறுநாள் எல்லாம் அடங்கிவிட்டது.

அது நோய் இல்லை, மாத்திரையைத் திடீரென்று விட்டதன் விளைவு. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று டாக்டர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. நிறுத்திய நாலைந்து நாளுக்குள், முன்பு இல்லாத புதுத் தொல்லையாக, மண்டையில் கரண்டும் தலைச்சுற்றலும் குமட்டலும் வந்து, மாத்திரை போட்டதும் சீக்கிரம் அடங்கினால் அது விட்டதன் விளைவு. சில வாரம் கழித்து, பழைய அதே பயம், அதே படபடப்பு மெல்ல மெல்ல ஏறினால் அது நோய். மாற்றும் வாரங்களில் இந்த வித்தியாசம் தெரியாதவர்கள், புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதையும் விட்டுவிடுகிறார்கள்.

எஸ்சிட்டலோபிராம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். அப்படிப்பட்ட மாத்திரையே மூன்று நாளில் என்னை அப்படி ஆட்டியது. வென்லாஃபாக்ஸினுக்கு அது சுமார் 5 மணி நேரம், உடம்பில் அது மாறி உண்டாகும் பொருளுக்கு 11 மணி நேரம். ஒரு வேளை தவறினாலே பலருக்குத் தெரிந்துவிடும். ஊர், திருவிழா, துக்கம், கல்யாணம் என்று மாதம் ஒரு முறையாவது வீட்டை விட்டுத் தங்கும் எனக்கு அது சரிவராது. மாத்திரையைக் கடிகாரம் மாதிரி போடுகிறவருக்கு, அதுவும் என் வயதுப் பெண்ணுக்கு, இது நல்ல தேர்வாகவே இருக்கலாம். என் தோழி ஒருத்தி மூன்று வருடமாக அதில் நிம்மதியாக இருக்கிறாள்.

மிர்டாசபின் முற்றிலும் வேறு தெரு. அது இரவில் போடுவது. உடம்பின் ஹிஸ்டமினைத் தடுப்பதால் முதல் ராத்திரியே தூக்கம் அள்ளிக்கொண்டு போகும். வினோதம் என்னவென்றால், குறைந்த டோஸில்தான் தூக்கம் அதிகம். 7.5 அல்லது 15 மி.கி.யில் கண்ணை அமுக்கும் அளவுக்கு 30இல் அமுக்காது என்கிறார்கள். குமட்டல் குறைவு. தாம்பத்திய ஆசையை மற்ற மாத்திரைகள் அளவுக்கு அது கெடுப்பதில்லை. இதைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை, டாக்டரும் சில நேரம் கேட்பதில்லை. எத்தனை பேர் இந்த ஒரு காரணத்துக்காக யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருப்பார்களோ! கேளுங்கள், இது கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் மிர்டாசபின் பசியைக் கிளப்பும், எடை ஏறும். என் அப்பாவுக்கும் இரண்டு அண்ணன்களுக்கும் சர்க்கரை. எனக்கே மூன்று மாதச் சராசரி 6.1, எல்லையில் நிற்கிறேன். மாமியார் கிண்டும் கேழ்வரகுக் களியும் முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பும் ஒரு உருண்டையோடு நிறுத்த இப்போதே கஷ்டம். காலையில் தலை பாரமாக இருந்தால் ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டு வரை போவதும் யோசிக்க வேண்டியது. சிலருக்குக் கால் உள்ளே ஊர்வது போல அமைதியில்லாமல் ஆடும் தொல்லை கூடும். அரிதாக ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறையும், அதனால் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. மனச்சோர்வுக்கு அது நிரூபணமான மருந்து. பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராமுக்கு இருக்கும் அளவு ஆதாரம் அதற்கு இல்லை. தூக்கத்தை வாங்கப் போய்ப் பாலத்தின் மேல் படபடப்பைத் திரும்ப வாங்கி வந்தால்?

அதனால்தான் 'மாறுவது' ஒன்று, 'சேர்ப்பது' இன்னொன்று என்று டாக்டர் பிரித்தார். எஸ்சிட்டலோபிராமைக் குறைந்த டோஸில் வைத்துக்கொண்டு இரவில் கொஞ்சம் மிர்டாசபின். அல்லது டிராசோடோன், அதையும் குறைந்த அளவில் தூக்கத்துக்காகக் கொடுப்பதுண்டு, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் எல்லோர் நாக்கிலும் இருக்கிறது, குளோனசிபாம், அல்பிரசோலாம் என்று வரும் 'தூக்க மாத்திரை'. என் நாத்தனார் ஒரு நாள் பர்ஸைத் திறந்து, "அண்ணி, இதுல அரை போட்டுப் பாருங்க, கட்டையாட்டம் தூங்குவீங்க" என்று வெள்ளிக் காகிதத்தில் சுருட்டிய நாலு மாத்திரையை என் கையில் வைத்தாள். பாசம்தான், சந்தேகமே இல்லை. அது வேலையும் செய்யும். புது மாத்திரை தொடங்கும் முதல் இரண்டு மூன்று வாரம், படபடப்பு கூடும் நாட்களில், டாக்டரே இதைப் பாலம் மாதிரி கொஞ்ச நாளைக்குக் கொடுப்பார். ஆனால் நாலு வாரத்தைத் தாண்டித் தினமும் ஓடினால் உடம்பு அதற்குப் பழகிவிடும். அப்புறம் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வயதானவர்கள் ராத்திரி எழுந்தால் தடுமாறி விழுவார்கள். மது குடிப்பவருக்கும், தூக்கத்தில் மூச்சு தடைப்படுபவருக்கும் இன்னும் ஆபத்து. இவற்றில் அல்பிரசோலாம் ஹெச்1 பட்டியல் மருந்து, அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. கடைக்காரர் உங்கள் பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள். சோல்பிடம் என்ற தூக்க மாத்திரையும் இதே பட்டியல்தான். பெண்களின் உடம்பில் அது மெதுவாகக் கரைவதால், 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான டோஸைப் பாதியாக்கச் சொன்னது. நாத்தனாரிடம் அந்த நாலு மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளையும் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

மாமியார் தன் பங்குக்கு, "இன்னாத்துக்கு இம்மாம் மாத்திரை? அமுக்கராச் சூரணத்தைப் பால்ல கலக்கிக் குடி" என்றார். அதையும் டாக்டரிடம் கேட்டேன். மாத்திரையோடு சேர்ந்து மந்தம் கூடலாம், தைராய்டையும் கல்லீரலையும் அது தொட்ட சம்பவங்கள் உண்டு, மாற்றும் காலத்தில் வேண்டாம் என்றார். அதேபோல மூட்டு வலிக்கு டிராமடால், சளிக்கு டெக்ஸ்ட்ரோமெதார்பன் உள்ள இருமல் சிரப், இரண்டும் செரோட்டோனினைக் கூட்டுபவை. இந்த வகை மாத்திரையோடு சேர்ந்து காய்ச்சல், நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, தசை இறுக்கம், மனக்குழப்பம் என்று வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மருந்துக் கடையில் தலைவலிக்கு மாத்திரை வாங்கினாலும் 'நான் இது சாப்பிடுகிறேன்' என்று சொல்லிவிடுவது இப்போது என் பழக்கம்.

எது 'ஸ்ட்ராங்' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2006இல் வந்தன. முதல் மாத்திரையில் மனச்சோர்வு தீராதவர்களை மூன்று வேறு மாத்திரைகளுக்கு மாற்றினார்கள், அதில் செர்ட்ரலைனும் வென்லாஃபாக்ஸினும் உண்டு. எதற்கு மாறினாலும் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முழுதாகத் தேறினார். மூன்றுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இதைப் படித்ததும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. சரியான மாத்திரை ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது, அதைத் தவறவிடுகிறேன் என்ற பயம்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. வலிமையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், எந்தப் பக்கவிளைவோடு என்னால் குடித்தனம் நடத்த முடியும் என்று பார்த்தால் போதும்.

மாத்திரையைத் தொடாமல் தூக்கத்தை மட்டும் திருத்துவது கடைசி வழி. 'மொபைலை எடுக்காதே, காபி குடிக்காதே' என்ற அறிவுரைதானே என்று நினைத்திருந்தேன். அது இல்லை. தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை என்று ஒழுங்கான முறை இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதன் மையம் கேட்கவே அநியாயமாக இருக்கும், படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். என் நோட்டின்படி நான் படுக்கையில் கிடந்தது எட்டு மணி நேரம், தூங்கியது ஐந்தேகால். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சொன்னது இது. எழும் நேரம் 5.30, ஞாயிறும் அதேதான். படுக்கும் நேரம் 11.45, அதற்கு முன் கட்டிலில் கால் வைக்கக் கூடாது. இருபது நிமிடம் போலத் தூக்கம் வராமல் கிடந்தால் எழுந்து ஹாலுக்குப் போய் மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சாதுவான வேலை, கண் சொக்கினால் மட்டும் திரும்ப வர வேண்டும். மணி பார்க்கக் கூடாது. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் தள்ளலாம். வலிப்பு நோய், இருதுருவ நோய் உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. லாரி, ஆட்டோ ஓட்டுபவர்களும் அப்படியே, முதல் இரண்டு வாரம் பகல் தூக்கம் பயங்கரமாக அமுக்கும்.

பலன் மெதுவாக வரும், ஆனால் வந்தால் பயிற்சி முடிந்த பிறகும் நிலைக்கும். எல்லா வழிகளிலும் இதற்கு மட்டும்தான் அந்தக் குணம் உண்டு. வாரம் ஒரு முறை நேரில் போக வேண்டும் என்பதுதான் கஷ்டம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது அரை நாள் சம்பளம்.

செலவு பற்றி இரண்டு வரி. எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்ஸெட்டின், பழைய வகை மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் மூன்றும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை போன்ற இடத்தில் பார்ப்பவர்கள், மாற்றச் சொல்லும் மாத்திரை அங்கே தொடர்ந்து கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்துபோனால் குடியாத்தத்தில் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

மாற்றுவது என்று முடிவானால் எப்போது என்பதையும் யோசியுங்கள். டாக்டர் என்னிடம் கேட்டுத் தேதி வைத்தார். வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும், கரண்ட் போனால் ராத்திரி இரண்டு மணிக்கும் சுவர் சுடும். அந்த மாதத்தில் தூக்கம் போனால் அது மாத்திரையா வெயிலா என்று யாராலும் சொல்ல முடியாது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் வாரங்களும் எனக்கு ஆகாது. புது மாத்திரை முழு வேலை காட்ட நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடவும் செய்யலாம். அந்த நாட்களில் வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, தொடங்கும்போதும் டோஸ் மாறும்போதும் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்ற எச்சரிக்கை இந்த மாத்திரைகளுக்கு உண்டு. யாருக்காக இருந்தாலும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பத்தாம் நாள் போய் நான் சொன்னது, "இப்போதைக்கு மாற்ற வேண்டாம் டாக்டர்." 20ஐ இரண்டு வாரம் 15 ஆக்கி, அப்புறம் 10க்கு இறக்கினோம். இரவில் போட்டதைக் காலைக்கு மாற்றினோம். கூடவே தூக்கப் பயிற்சி ஆறு வாரம். அதன் பிறகும் மூன்று மணி விழிப்பு அசையவில்லை என்றால் இரவில் 7.5 மிர்டாசபின் சேர்ப்பது, அப்போது மாதம் ஒரு முறை எடையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரையும் பார்ப்பது. தகிப்புக்கு மகப்பேறு டாக்டரிடம் தனியாகப் போவது. என் நோட்டுக்கு ஏற்ற முடிவு இது. பதற்றமே அடங்காதவருக்கோ, மனச்சோர்வில் எழுந்திருக்கவே முடியாதவருக்கோ இது தவறான முடிவாக இருக்கும், அவர்கள் மாத்திரை மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

பயிற்சியின் முதல் பத்து நாள் கொடுமை. லெட்ஜரில் ஒரே வவுச்சரை இரண்டு தடவை ஏற்றியிருந்தேன். ஒரு ராத்திரி ஹாலில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டே அழுதேன். பதினோராவது நாள் 4.20 வரை தூங்கினேன். 20ஆம் தேதி வந்தது, அன்றைக்கு மட்டும் பழையபடி. 10 மி.கி.க்கு வந்த இரண்டாவது வாரம் மகளைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பக் காட்பாடி ஸ்டேஷன் போனோம். ரயில் நகர்ந்ததும் கண் நிறைந்து பிளாட்பாரமே தெரியவில்லை. கணவர் பயந்துபோய், "இன்னா, மறுபடி படபடப்பா?" என்றார். இல்லை என்றேன்.

இது பயிற்சியின் ஐந்தாவது வாரம். நேற்று விழித்தது 4.10க்கு. திரும்பத் தூக்கம் வரவில்லை, எழுந்து வாசல் தெளித்துவிட்டேன். முந்தின நாள் 5.05, அதற்கு முந்தின நாள் 3.40. அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டோடு டாக்டரிடம் போகிறேன், மிர்டாசபின் வேண்டுமா என்று அன்றைக்குத் தெரியும்.